ஆறினால் சரியாகிவிடும் வண்டி

டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்த ஜாதி வியாதி இது. காலையில் ஒரே சாவியில் உயிர் பெறும் கார்புரேட்டர் வண்டி, மத்தியானம் பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பினால் கிளம்பாது. அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

என் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு இதுதான் வியாதி. வானவடியிலிருந்து சாஸ்வட் போகும் வழியில், திவே காட் ஏறி முடித்து டீ குடிக்க நிறுத்தினால் தீர்ந்தது. பின்சீட்டில் அம்மா, தலைக்கு மேல் மே மாத வெயில். மெக்கானிக் முதலில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அடுத்த முறை ஏசி பம்ப்பை மாற்றினார். "ஹோ ஜாயேகா சாப்!" ஆகவில்லை. பணம்தான் ஆனது.

அவரைத் திட்டிப் பயனில்லை. ஷெட்டுக்குப் போகும்போது வண்டி ஆறியிருக்கும். ஆறிய வண்டியில் சூட்டு வியாதியை யார் கண்டுபிடிப்பது? அந்தப் பத்து நிமிஷம் பக்கத்தில் இருப்பது நாம்தான். அதனால் பரிசோதனையும் நம் வேலைதான் என்பது என் கட்சி.

இன்ஜினை நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். உள்ளே தேங்கிய சூடு மேலே கார்புரேட்டருக்கு ஏறும். மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழியலாம். இல்லாவிட்டால் பம்ப்பிலும் குழாயிலும் ஆவி கட்டி, பெட்ரோல் வராமல் போகலாம். ஒன்று அஜீரணம், மற்றது பட்டினி. இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படிச் சரியாகும்?

முதலில் மூக்கு. பெட்ரோல் வாடை தூக்கினால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து (பம்ப் அடிக்கக் கூடாது!) ஸ்டார்ட் செய்யுங்கள். கரும்புகையோடு கிளம்பினால் அஜீரணம். வாடை இல்லையா? இன்ஜினை அணைத்தபடியே ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, த்ராட்டிலை அசைத்துப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் பட்டினி. ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டதும் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கால அம்பாசிடர் டிரைவர்கள் செய்த வைத்தியம்தான்.

பீய்ச்சியும் கிளம்பவில்லை என்றால் மூடியைப் போட்டுவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள், வாடை இல்லாதபோது மட்டும். என் வண்டி மாட்டியது இங்கேதான். உபரி பிளக்கை இன்ஜினில் மண் பிடிக்க வைத்துச் சுற்றினால், சோகையாக ஒரு மஞ்சள் பொறி. இருபது நிமிஷம் கழித்து அதே பிளக்கில் பளிச்சென்று நீலம். சூடானால் இக்னிஷன் காயில் செத்துக்கொண்டிருந்தது. காயிலை மாற்றினேன், அதோடு சரி. கழுவிய கார்புரேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை!

இப்போது எல்லோரும் எத்தனாலைக் கை காட்டுகிறார்கள். 2025-க்குள் 20 சதவீதக் கலப்பு பரவலாகிவிட்டது. எத்தனால் சேர்ந்தால் பெட்ரோல் ஆவியாகும் போக்கு கூடலாம், பழைய ரப்பர் டயாஃப்ரமும் கெடலாம், உண்மைதான். ஆனால் என் காயிலுக்கும் எத்தனாலுக்கும் என்ன சம்பந்தம்?

2000 வாக்கில் ஜிப்ஸி, 800 எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய பிறகு, பெட்ரோல் அழுத்தத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக ஒழிந்தது. கூடவே இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். எனவே பழைய வண்டி வைத்திருக்கும் மக்களே, டூல்பாக்ஸில் ஒரு பிளக், ஒரு பழைய துணி, ஒரு பாட்டில் தண்ணீர் போட்டு வையுங்கள். அடுத்த முறை வண்டி மக்கர் செய்தால், ஆறும் வரை டீ குடிக்காதீர்கள். ஆறுவதற்குள் பானெட்டைத் திறங்கள். டீ அப்புறம் குடிக்கலாம் :-)