டாக்டர் சீட்டு இல்லாமல் 'சிப்ரோ' மாத்திரை: உயிர் காக்கும் மருந்து வீணாகும் அபாயம்!

"அண்ணே, வயித்தால போகுது. ரெண்டு சிப்ரோ குடுங்க..."

சென்னையில் மருந்துக்கடை வாசலில் மாலை நேரத்தில் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். டாக்டரிடம் போனால் பீஸ், ஒரு நாள் கூலியும் போச்சு. மாத்திரையோ சில ரூபாய்தான். கூலித் தொழிலாளிகள் கடைக்காரரையே டாக்டராக்குவது இதனால்தான்.

ஆனால் சிப்ரோபிளாக்சசின் சாதாரண மாத்திரை அல்ல. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். இதே குடும்பத்தைச் சேர்ந்த லிவோபிளாக்சசின், மாக்சிபிளாக்சசின் மீது பிடி இன்னும் இறுகியது. 2014 மார்ச் முதல் இவற்றை வாங்குபவர் பெயர், டாக்டர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத டைபாய்டு

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு காலத்தில் டைபாய்டை விரட்டியது சிப்ரோதான். கண்டபடி சாப்பிட்டதில் கிருமி பழகிவிட்டது. இப்போது இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகள் இதற்கு அடங்குவதில்லை. டாக்டர்கள் வேறு மருந்துக்கு, சில நேரம் ஊசிக்கு மாற வேண்டியுள்ளது.

அடுத்து காசநோய். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லிவோபிளாக்சசின் முக்கிய ஆயுதம். சாதாரண இருமல் என நினைத்து அதை விழுங்கினால் நோய் கொஞ்ச நாள் பதுங்கும். கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

மூட்டை தூக்குவோர் கவனம்

குதிகால் தசைநாண் அறுந்துபோகலாம் என 2008-ல் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை எச்சரித்தது. அரிதுதான். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சர்க்கரை திடீரென இறங்கலாம். வேறு மருந்து இருந்தால் சைனஸ், சாதாரண நீர்க்கடுப்புக்கு இதைத் தர வேண்டாம் என்றும் 2016-ல் அதே துறை கூறியது.

என்ன செய்யலாம்?

சளி, ப்ளூ காய்ச்சல் வைரசால் வருவது. சிப்ரோ ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்குக்கு முதல் தேவை உப்பு-சர்க்கரை கரைசல். ரத்தமாகப் போனாலோ, காய்ச்சல் விடாவிட்டாலோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.

டாக்டரே எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். பால், தயிர், அசிடிட்டி மருந்தோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் கூடாது.

இன்று அரைகுறையாய் விழுங்கும் ரெண்டு மாத்திரை, நாளை நம் பிள்ளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம்.