0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வராதா? கணினிக் கூட்டல் தடுமாறுவது ஏன்?

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை, 1982 ஜனவரியில் 1,000 புள்ளிகளுடன் புதிய குறியீட்டைத் தொடங்கியது. 1983 நவம்பரில் அது 520-களில் கிடந்தது. ஆனால் சந்தை அப்படியொன்றும் சரிந்துவிடவில்லை. கணக்கைத் திருத்தியதும் குறியீடு 1,098-க்கு எகிறியது.

என்ன நடந்தது?

குறியீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மூன்று தசம இடத்துக்கு மேல் இருந்ததை அப்படியே வெட்டிவிட்டார்கள். ஒரு முறைக்குப் போனது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தினமும் சுமார் 3,000 முறை, 22 மாதம். வெட்டு எப்போதும் கீழ்நோக்கியே விழுந்ததால் இழப்பு சேர்ந்துகொண்டே போனது.

இன்றும் இது நடக்குமா?

வேறு வடிவில் நடக்கும். 0.1-ஐக் கணினியின் இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் சுமார் 16 இலக்கம்தான் நிற்கும். 1-க்குப் பின் 16 பூஜ்ஜியம் போட்ட எண்ணுடன் 1-ஐக் கூட்டினால் விடை மாறாது. இன்னொரு 1 சேர்த்தாலும் மாறாது. இரண்டு 1-ஐயும் முதலில் கூட்டிவிட்டுச் சேர்த்தால் சரியாக வரும். அதாவது, கூட்டும் வரிசை மாறினால் விடையே மாறலாம்.

தீர்வு உண்டா?

உண்டு. 1965-ல் வில்லியம் கஹான் சொன்ன வழி எளிது. ஒவ்வொரு கூட்டலிலும் உதிரும் சில்லறையைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த கூட்டலில் சேர்த்துவிட வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் பிழை பெருகாது. இதை நோய்மையர் 1974-ல் மேம்படுத்தினார். 2023-ல் வந்த பைதான் 3.12-ன் 'சம்' கட்டளை அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு முன்புவரை 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வந்தது, இப்போது 1.0.

ஏஐ-க்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறையவே. ஏஐ மாடல்களின் பெரும்பகுதி வேலை 'டாட் பிராடக்ட்', அதாவது எண்களை ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டுவது. வேகத்துக்காக 16 பிட் எண்களைப் பயன்படுத்துகிறார்கள். 'ஹாஃப் பிரிசிஷன்' எனும் 16 பிட் வடிவில் 1-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 2,048-லேயே நின்றுவிடும். அதனால்தான் பெருக்க வேண்டிய எண்களை 16 பிட்டில் வைத்தாலும், கூட்டுத்தொகையை 32 பிட்டில் சேர்ப்பது வழக்கம்.

அப்போ பணக் கணக்கு?

அதற்கு மிதவைப் புள்ளியே வேண்டாம். ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்துக் கூட்டினால் உதிர எதுவும் இருக்காது.