கால்நடை மருத்துவமும் இணையக் கல்வியும்

மருத்துவம் என்பது மருந்து ஒன்றினால் மட்டும் ஆவதன்று. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என அதனை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். மக்கள் மருத்துவத்துக்கு வகுத்த இவ்விலக்கணம் கால்நடை மருத்துவத்துக்கு இன்னும் இறுகப் பொருந்தும். ஏனெனில், ஈண்டு நோயுற்ற உயிருக்கு வாயில்லை. பசு தன் நோயைச் சொல்லாது. எருமை தன் வலியிருக்கும் இடத்தைக் காட்டாது. அருகிருந்து பேணுவோர் எவரோ, அவரே அவ்வுயிருக்கு நாவாகி நின்று மருத்துவரிடம் சாட்சி சொல்கின்றார். என்று முதல் அசை போடவில்லை, எப்பொழுது பால் குறைந்தது, எந்த மேட்டில் மேய்ந்தது என்பனவெல்லாம் அவர் வாய்ச்சொல்லாலேயே விளங்கும். அச்சாட்சி பிழைப்பின் மருத்துவமும் பிழைத்தல் கூடும்.

எழுத்தும் படமும் ஒலியும் அசைவும் ஒருங்கியைந்த பல்லூடகமும், அதனை நாடெங்கும் கொண்டு செல்லும் இணையமும் இன்று எல்லாக் கல்வித் துறைகளிலும் புகுந்துவிட்டன. கால்நடை மருத்துவக் கல்வியும் அதற்கு விலக்கன்று. அவற்றை ஏற்பதா, மறுப்பதா என்பது இனி வினாவாகாது. யார் பொருட்டு ஏற்கின்றோம், எம்மொழியில் ஏற்கின்றோம் என்பனவே வினா. மேற்கூறிய நான்கு கூறுகளுள் மருத்துவர் ஒருவருக்கே அக்கருவிகள் பெரிதும் பயன்படுகின்றன. நான்காம் கூறாகிய பேணுவோரையும் அவை எட்டுங்காறும் அக்கல்வி முற்றுப்பெற்றதாகாது என்பதே எமது கருத்து. இதற்கு நீலகிரி மலைநாட்டை உரைகல்லாகக் கொள்வோம்.

தமிழகம் இத்துறையில் பின்தங்கிய நாடன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் இருபது மாணவர்களோடு சைதாப்பேட்டையில் தோன்றிப் பின்னர் வேப்பேரிக்குப் பெயர்ந்தது. 1936-இல் அது சென்னைச் சர்வகலாசாலையோடு இணைந்து, இந்நாட்டிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்திற் பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. 1989-இல் இந்தியாவின் முதற் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இங்கேயே எழுந்தது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தின் வாயிலாக வேளாண்மை சார்ந்த பட்டப் படிப்புகளுக்கு மின்பாடங்களை ஆக்குவித்தபோது, கால்நடை மருத்துவப் பாடங்களை ஆக்குவதில் அப்பல்கலைக்கழகமே முன்னின்றது. 2020-இல் கொள்ளைநோயால் கல்லூரிகள் அடைபட்ட நாட்களில் பாடம் முழுவதும் திரைக்கு மாறிற்று. ஆகவே கருவி நமக்குப் புதிதன்று. அதன் பயனை அளந்தறிவதே இப்பொழுது செய்யத்தக்கது.

அதன் நன்மை சிறிதன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வெக்கை நோய் என்னும் கொடிய கொள்ளைநோய் முற்காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்தது. 1761-இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டதற்கு அந்நோயின் கொடுமையே பெருங்காரணம். 2011-ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. இன்றைய மாணவன் அதனைக் கண்ணாற் கண்டிரான். காணாதிருத்தல் பேறு, ஆயினும் அறியாதிருத்தல் தீது. அதற்கு உறவாகிய ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் நம் நாட்டை விட்டு அகலவில்லை. இத்தகைய நோய்களின் தோற்றத்தையும் போக்கையும் பழைய படங்களும் பதிவுகளும் அன்றி வேறெவை காட்டவல்லன? அரிதாக வரும் நோயை எல்லா மாணவரும் காணவும், கண்டதை மீண்டும் மீண்டும் காணவும், இதய ஒலியையும் மூச்சொலியையும் பலகாற் கேட்டுப் பழகவும் பல்லூடகம் துணையாகின்றது.

உயிர்களுக்கும் இதனால் இரக்கம் விளைகின்றது. பசுவின் ஆசனவாய் வழியே கைவிட்டுக் கருப்பையைத் தடவிச் சினையறிதல் மாணவர்க்கு அரிய பாடம். அப்பொழுது மாணவனின் கை எங்கே செல்கின்றதென்பதை ஆசிரியர் காண இயலாது. பயிலாத கைகள் பலவற்றால் பசுவும் வருந்தும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சாரா பெய்லி என்னும் பெண் மருத்துவர் தொடுவுணர்வைக் கணினியால் உண்டாக்கும் 'ஹாப்டிக் கௌ' என்னும் செயற்கைப் பசுவை அமைத்தார். மாணவன் விரலால் உணர்வதை ஆசிரியர் திரையிற் கண்டு வழிகாட்டுவார். முதற்பிழைகளைக் கருவியின்மேற் செய்து முடித்தபின் உயிருள்ள பசுவை அணுகுதல் அறமும் ஆகும், அறிவும் ஆகும்.

எனினும், திரை கைக்குத் துணையாகலாமேயன்றிக் கையாதல் இல்லை. வழுக்கும் சரிவில் மிரண்டு நிற்கும் எருமையை எவ்வாறு அணுகுவதென்று எந்தப் படமும் முற்றக் கற்பிக்காது. முதுமலைக் காடுகளில் அரும்பணியாற்றிய யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, காட்டில் இறந்துகிடந்த யானைகளைத் தாமே அறுத்து ஆராய்ந்து சாவின் காரணம் கண்டவர். அப்பொறுமையும் உளத்திண்மையும் நாற்காலியில் அமர்ந்து பெறுவன அல்ல. இந்தியக் கால்நடை மருத்துவக் கழகம் 2016-இல் வகுத்த விதிகள் ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஓராண்டைக் கட்டாய நேர்ப்பயிற்சிக்கே ஒதுக்கியிருப்பதும் இக்கருத்துப் பற்றியே. உதகையை அடுத்து உலகக் கால்நடை மருத்துவச் சேவை அமைப்பு நடத்தும் பன்னாட்டுப் பயிற்சி நிலையமும் ஈண்டு நினைக்கத்தக்கது. பட்டம் பெற்ற மருத்துவர்களே அங்கு வந்து, நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்யும் முறையைத் தேர்ந்தவர் அருகில் நின்று கைப்படக் கற்கின்றனர்.

அவ்வமைப்பே கருவியைக் கொள்ளும் நெறியையும் நமக்குக் காட்டுகின்றது. 2013-இல் அது தொடங்கிய 'மிஷன் ரேபிஸ்' இயக்கத்தில், வெறிநோய்த் தடுப்பூசி இடுவோர் ஒவ்வொரு நாயையும் ஊசியிட்ட இடத்தோடு கைப்பேசிச் செயலியிற் பதிவு செய்கின்றனர். எத்தெரு விடுபட்டது, எவ்விடம் மறுநாட் செல்லவேண்டும் என்பது வரைபடத்தில் விளங்கிவிடுகின்றது. இவ்வாறு பதிவான ஊசிகள் பத்து இலட்சத்தை எட்டியதாக 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஊசியிடுவது கை, விடுபட்டதைக் காட்டுவது கருவி. 1907 முதல் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் வெறிநோய்க்கு எதிராகப் பணியாற்றிவரும் இம்மாவட்டத்தார்க்கு இதன் அருமையை எடுத்துரைத்தல் மிகையாகும்.

இனி நான்காம் கூறுக்கு வருவோம். நீலகிரியிற் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. நீலகிரிச் செம்மறி என்னும் மலையினத்தைப் பேணுவது அதன் பணிகளுள் ஒன்று. மருத்துவராக வருவோரிற் பலர் சமவெளியிற் கற்றுவந்தவர். அவர் மலையேறியவுடன் எதிர்ப்படுவோர் பல மொழியினர். தோட்டத்து லைன் வீட்டின் பின்புறம் ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் கொழுந்து பறிக்கும் பெண் தமிழ் பேசுவாள். படுகரின் மொழி வேறு. தோதவரின் மொழி வேறு. தோதவரோ எருமையைச் சுற்றியே தம் வாழ்வையும் வழிபாட்டையும் அமைத்துக்கொண்ட மக்கள். 1906-இல் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அவர்களைப் பற்றி எழுதிய பெருநூலில் பால்மனைகளும் எருமைகளும் பக்கம் பக்கமாய் இடம்பெற்றுள்ளன. எருமையைப் பற்றி இம்மக்கள் அறிந்ததில் ஒரு சிறு பகுதியேனும் மாணவரின் மின்பாடத்தில் இடம்பெறல் வேண்டாவோ?

பாடத்தில் மாணவன் ஆங்கிலப் பெயர்களால் நோய்களைக் கற்கின்றான். உழவரோ கோமாரி என்பர், அடைப்பான் என்பர், சப்பை நோய் என்பர், மடிநோய் என்பர். அடைப்பான் ஒன்று, தொண்டை அடைப்பான் வேறொன்று. இவ்விரண்டையும் மயங்கக் கொண்டால் விளையும் தீங்கு சிறிதன்று. அடைப்பானால் இறந்த மாட்டை அறுத்தவர்க்கும் அந்நோய் தொற்றும். சொல்லறிவு இங்கே உயிரைக் காக்கும் அறிவாகின்றது. பல்லூடகம் எனப் பெயர் கொண்ட கல்வி, நோயின் படத்தை மட்டும் காட்டி, அதனைச் சொல்லும் மனிதரின் குரலைக் கேளாது விடுதல் பெருங்குறையன்றோ?

தமிழ் இப்பொறையைத் தாங்குமோ என்று ஐயுறுவார் உளர். அவர்க்கு விடை நம் மிஷன் வரலாற்றிலேயே இருக்கின்றது. அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். இரணவைத்தியம் முதலிய நூல்களை வெளியிட்டார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். அச்சு யந்திரமே அந்நாளைய நூதனக் கருவி. கடல் கடந்து வந்தவர் அக்கருவியைத் தமிழுக்கு வசப்படுத்தினார். இந்நாளைய கருவியை, தமிழிலேயே பிறந்த நாம் வசப்படுத்த இயலாதென்பது நாணத்தக்கது. தமிழில் முயற்சி அறவே இல்லை என்பதும் அன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளம் கால்நடை வளர்ப்புச் செய்திகளையும் தமிழில் வழங்குகின்றது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூசும் மரபு முறையைத் தேசியப் பால்வள வாரியம் பரப்பி வருகின்றது. இம்முயற்சிகள் பெருகவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இதற்கு இரு தடைகள் கூறப்படும். முதலாவது, அரைகுறை அறிவு ஆபத்து என்பது. திரையைப் பார்த்துத் தாமே மருந்திட முனைவர். வீரிய மருந்துகளை அளவறியாது கொடுப்பர். அவை பாலிலும் கலக்கும். இத்தடை மெய்யானது. ஆதலின் பேணுவோர்க்குரிய பாடம் மருந்திடும் பாடமாக இருத்தல் ஆகாது. நோய்க்குறியை இனங்காணல், நோயுற்றதைப் பிரித்துக் கட்டல், மடியைத் தூய்மையாக வைத்தல், உரிய காலத்தில் மருத்துவரை அழைத்தல் ஆகிய இவையே அதன் எல்லை. அழைப்பதற்கு 1962 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. நாய் கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க என்னும் ஒரு பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் சேர்ப்பின், அதனால் காக்கப்படும் உயிர் எத்தனை!

இரண்டாவது தடை, மலைப்பள்ளங்களில் அலைவரிசை எட்டாது என்பது. இதுவும் மெய்யே. ஆகவே பாடங்கள் சிறியனவாகவும், ஒருமுறை பெற்றுக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இணையமின்றியும் காணத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதவரும் கேட்டுணரக் குரலே முதன்மை பெறவேண்டும். பால் கூட்டுறவுச் சங்கத்திலும் கால்நடை மருந்தகத்திலும் அவற்றைப் பெற வழி செய்தல் கூடும்.

ஆகவே கல்வியதிகாரிகளிடம் நாம் வேண்டுவன மூன்று. ஒன்று, மாணவர்க்குரிய ஒவ்வொரு நோய்ப்பாடத்தோடும் அதன் தமிழ்ப் பெயரும், உழவர் அதனைச் சொல்லும் பாங்கும் ஒலிப்பதிவாகச் சேர்தல் வேண்டும். மலைநாட்டுப் பணிக்கு வருவோர் படுகரும் தோதவரும் சொல்லும் சொற்களையும் கேட்டுப் பழகவேண்டும். இரண்டு, பேணுவோர்க்கென்றே தமிழிற் சிறு படங்கள் ஆக்கப்பெறல் வேண்டும். மூன்று, திரைப் பாடம் பெருகுவதைக் காரணமாகக் காட்டித் தொழுவத்திலும் மருந்தகத்திலும் மாணவன் நிற்கும் நாட்களை ஒன்றேனும் குறைத்தல் ஆகாது.

இவ்வேலை மருத்துவர்களால் மட்டும் முற்றுவதன்று. பாடத்தைத் தெளிந்த தமிழில் எழுதவும், சொல்லைத் தெரிந்தெடுக்கவும், கேட்போர் உளங்கொளப் படிக்கவும் தமிழ் கற்றவர் தேவை. தமிழ் படித்து யாது பயன் என்று எம்மை வினவுவோர்க்கு, தொழுவத்தில் நிற்கும் வாயில்லா உயிரையே விடையாகக் காட்டலாம். நம் ஆண்டவர் பிறந்தபோது அவரைக் கிடத்திய இடம் ஆநிரை தின்னும் முன்னணையே. அந்நினைவை ஆண்டுதோறும் கொண்டாடும் கல்லூரி மாணவர்க்கு, தொழுவத்துக்குக் கல்வியைக் கொண்டு செல்லுதல் அயலார் பணியன்று. மாணவ நண்பர்களே, கருவிகள் வந்துவிட்டன. அவற்றிற்கு நம் மொழியை ஈவோம்.