சுவரில் எழுத வேண்டியதை மனுவில் கேட்க வைத்தது யார்?

தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்குக் கடிவாளம் போட வேண்டும் என்று சென்ற இதழில் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் எழுதியிருந்தார். மனுக்கள் குவிகின்றன, ஊழியர்களின் நேரம் பாழாகிறது, மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், தனியுரிமை பறிபோகிறது என்பவை அவர் அடுக்கும் புகார்கள். மனுதாரரிடம் காரணம் கேட்க வேண்டும், கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்பது அவர் எழுதித் தரும் மருந்து. பல்லாண்டு காலம் அரசு நாற்காலியில் இருந்தவர், இத்தனை பக்கங்களில் சட்டத்தின் நான்காம் பிரிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் மற்ற வரிகளை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

நான்காம் பிரிவு மக்களுக்கானதல்ல, அலுவலகங்களுக்கானது. சட்டம் இயற்றப்பட்ட 120 நாட்களுக்குள், யாரும் கேட்காமலேயே, 17 வகைத் தகவல்களை ஒவ்வோர் அரசு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்று அது 2005-லேயே சொல்லிவிட்டது. அதிகாரிகளின் கடமைகள், ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, மானியம் பெற்றவர்கள் யார், உரிமமும் அனுமதியும் வாங்கியவர்கள் யார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்கவும் அது கட்டளையிடுகிறது. மக்கள் இந்தச் சட்டத்தை நாட வேண்டிய தேவையே மிகக் குறைந்துபோகும் அளவுக்குத் தகவலைத் தானாக முன்வந்து தர வேண்டும் என்பது அதன் நோக்கம். மனுக்கள் குறைய வேண்டும் என்று இந்த அதிகாரிக்கு முன்பே சட்டம் சொல்லியிருக்கிறது. குறைக்கும் வேலையை அது ஒப்படைத்தது அலுவலகத்திடம்.

மனுக்களில் மக்கள் என்னதான் கேட்கிறார்கள்? எங்கள் தெருச் சாலையின் எஸ்டிமேட் எவ்வளவு, வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். முதியோர் உதவித்தொகை கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் ஏன் தள்ளுபடியானது என்று கேட்கிறார்கள். முதல் கேள்விக்கான பதில் வேலை நடக்கும் இடத்திலேயே பலகையில் இருக்க வேண்டும். இரண்டாவதற்கான பதிலை, பாதிக்கப்பட்டவருக்கு அலுவலகமே காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். அதுவும் நான்காம் பிரிவின் கட்டளைதான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதனால் வந்து விழும் தாள்களைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு சுமை என்று முறையிடுவது நாணயமான வாதமல்ல.

அவர் தமக்குத் துணையாக 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். ஊழியர்களில் 75 சதவீதம் பேர் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டவே செலவிடும் நிலை நாட்டுக்கு வேண்டாம் என்று நீதிமன்றம் எச்சரித்தது உண்மை. ஆனால் அது கணக்கெடுத்துச் சொன்ன புள்ளிவிவரமல்ல, அப்படி ஆகிவிடக் கூடாது என்ற அச்சம். அதே தீர்ப்புதான் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மறுப்பைத் தள்ளி, தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று நிலைநாட்டியது. தீர்ப்பில் தமக்குப் பிடித்த ஒரு வாக்கியத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மாணவர்களுக்குக் கிடைத்த உரிமையை வாசகரிடமிருந்து மறைப்பது, தகவலை ஒளித்துப் பழகிய கை செய்யும் வேலை.

நேரமில்லை என்ற வாதம் எவ்வளவு கெட்டியானது என்பதை 2024 மார்ச்சில் நாடே பார்த்தது. தேர்தல் பத்திரங்களை வாங்கியவர்கள், பணமாக்கிய கட்சிகள் ஆகிய விவரங்களை மார்ச் 6-க்குள் தரும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. விவரங்கள் தனித்தனியாக இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது பாரத ஸ்டேட் வங்கி. மார்ச் 11 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, மறுநாள் அலுவல் நேரம் முடிவதற்குள் கொடுக்கச் சொன்னது. மறுநாளே கொடுத்தார்கள். ஜூன் 30 வரை அவகாசம் கேட்டவர்களால் ஒரே நாளில் விவரங்களைக் கொடுக்க முடிந்தது எப்படி என்பதற்கு அதிகாரி விடை சொல்லட்டும்.

மிரட்டல் பேர்வழிகள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் மிரட்டுபவன் எதை வைத்து மிரட்டுகிறான்? ஊருக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருப்பதை வைத்து. கட்டட அனுமதியும் வரைபடமும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், அதைக் காட்டி யாரிடம் பேரம் பேச முடியும்? அவனுடைய தொழிலுக்கு முதல் போட்டுக் கொடுப்பதே இருட்டுதான். இருட்டைக் கூட்டி அவனை ஒழிக்க முடியாது. மனுதாரரிடம் காரணம் கேட்க வேண்டும் என்கிறாரே, தகவல் கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் அறிவார். நில மோசடிகளை வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகே கொல்லப்பட்டார். கிர் காட்டைச் சுற்றி நடந்த சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கேட்பவனிடம் காரணம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்வது இப்படிப்பட்டவர்களைக் காக்கத்தான். அந்தச் சிறு காப்பையும் பிடுங்கச் சொல்கிறார் அதிகாரி.

தனியுரிமை வாதம்தான் இன்று மிக ஆபத்தானது, ஏனென்றால் அது சட்டமாகவே ஆகிவிட்டது. தனிநபர் தகவலாயினும் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று எட்டாம் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகத்தை 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கியது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அதோடு போயிற்று. தகவல் உரிமை எங்கே முளைத்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராயும் தோழர்களும் நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் மக்கள் விசாரணைகளில், கூலியாட்களின் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலிலிருந்த பெயர்களை ஊர் முன்னால் உரக்க வாசித்தார்கள். செத்தவர்கள் பெயரிலும் கூலி எடுக்கப்பட்டிருந்தது அப்படித்தான் அம்பலமாயிற்று. பெயர் தனிநபர் தகவல் என்று அன்றைக்கு மறைத்திருந்தால், அந்தத் திருட்டு திருட்டாகவே தெரிந்திருக்காது.

கேட்காமலேயே தகவல் தருவதைச் செய்து காட்டிய இடமும் உண்டு. அதே ராஜஸ்தான் 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா இணையதளத்தைத் தொடங்கி, நலத்திட்ட விவரங்களை வார்டு, பஞ்சாயத்து அளவில் மனு இல்லாமலேயே பார்க்க வழி செய்தது. நான்காம் பிரிவு நடைமுறையாகிறதா என்று தகவல் ஆணையங்கள் கண்காணிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனுவுக்குப் பதில் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் உண்டு. நான்காம் பிரிவை மீறினால் அப்படி ஒரு தண்டனை இல்லை. திருத்த வேண்டியது இந்த ஓட்டையை.

இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதன்முதலில், 1997-இல், சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அந்த மண்ணிலிருந்து, பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனு எழுதும் கிழவிக்குக் கட்டணத்தை ஏற்று என்று ஒரு குரல் எழுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதிகாரி மறுமொழி எழுதுவாரானால் ஒன்றை மட்டும் எழுதட்டும். தாம் தலைமை தாங்கிய அலுவலகங்களில் அந்தப் பதினேழையும் எந்தத் தேதியில் வெளியிட்டார்?