கார்னரில் நிற்கும் பையன்

காணும் பொங்கலன்று பக்கத்து ஊரில் கபடிப் போட்டி. மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது, விடியற்காலை மூன்று வரை நடந்ததாம். என் முதுகு அவ்வளவு நேரம் ஒத்துழைக்காது. ஆனாலும் பதினோரு மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காரணம், எதிர்வீட்டுப் பையன் ஆடினான்.

அவன் லெஃப்ட் கார்னர். கபடியில் ஏழு பேர் நிற்பார்கள் அல்லவா? வரிசையின் இரண்டு கோடியிலும் நிற்பவர்கள்தான் கார்னர். நம் காலத்துச் சடுகுடுவில் இந்தப் பெயரெல்லாம் இல்லை. பாடிப் போகிறவன், பிடிக்கிறவன், அவ்வளவுதான். இப்போது எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது. பாடி வருகிறவனுக்கு முப்பது விநாடி. போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டுவான். அந்தக் கால் தரையில் ஊன்றும் நொடியில் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் இவனைத் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். ஒரு நொடி பிந்தினால் புள்ளி போய்விடும். ஆக, அவன் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான்.

கூட்டம் கத்துவது பாடிப் போகிறவனுக்காக. புரோ கபடியில்கூடப் பாருங்கள், ரைடர் பத்துப் புள்ளி எடுத்தால் சூப்பர் டென் என்கிறார்கள். பிடிக்கிறவன் ஐந்து எடுத்தாலே ஹை ஃபைவ் என்று பாராட்டுகிறார்கள். அவன் வேலை அவ்வளவு கடினம் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரிதான்.

எனக்கு இந்தப் பையன்மேல் பரிவு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாளில் நான் பள்ளிக் கால்பந்து அணியில் பின்வரிசை ஆட்டக்காரன். வாத்தியார் எங்களை 'அரியேர்' என்பார். பிரெஞ்சில் பின்பக்கம் என்று பொருள். கோல் போட்டவன் பெயர் ஊருக்கே தெரியும். அரியேர் பெயர் எப்போது வெளியே வரும் என்றால், அவன் கோட்டை விட்ட அன்று. பிறகு நான் பார்த்த குமாஸ்தா வேலையும் அப்படியே. ஆயிரம் கோப்பு ஒழுங்காக நகர்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்று தொலைந்தால் மெமோ வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த வாரம் பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். பையன் செங்கல்பட்டில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் கபடி ஆடப் போகிறானாம். "ஐயா, நீங்க சொன்னா கேப்பான். விளையாட்டு சோறு போடுமான்னு கேளுங்க" என்றார்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏனென்றால் அது தப்பான கேள்வி. சோறு போட்டதற்கு நம் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே சாட்சி இருக்கிறது.

மணத்தி கணேசனைச் சினிமா வந்த பிறகு எல்லோருக்கும் தெரிகிறது. தர்மராஜ் சேரலாதனை எத்தனை பேருக்குத் தெரியும்? அவரும் கார்னர்தான். 1975இல் பிறந்தவர். 2014இல் புரோ கபடி தொடங்கியபோது அவருக்குக் கிட்டத்தட்ட நாற்பது வயது. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் தொடங்கினார். 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் இந்தியா உலகக்கோப்பை வென்றபோதும் அணியில் இருந்தார். எல்லோரும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிடுவார்கள். கால் வேகத்தில் இளைஞனை ஜெயிக்க முடியாத வயதில் அவர் காத்திருந்து ஜெயித்தார்.

ஆனால் இதை மட்டும் பையனுக்குச் சொன்னால் பாதி உண்மைதான். மீதிப் பாதி 2022இல் நடந்தது. தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தது. அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்தத் தொடர் முழுவதும் அவர் ஆடவில்லை. அப்போது தலைமை ஏற்றது சாகர் ராட்டீ என்ற இளம் ரைட் கார்னர். அந்த ஒன்பதாவது தொடரில்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. பையன்கள் இந்தக் கதையைக் கேட்டால் சாகரை நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். நான் முழங்காலை நினைக்கிறேன். உச்சத்தில் இருப்பவருக்கே அந்தக் கதி என்றால், மண் தரையில் ஆடும் படாளத்துப் பையனுக்கு அடிபட்டால் யார் கேட்பார்கள்?

சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் மாப்பிள்ளை அவர்கள் ஊர் ஃபுட்பால் பார்ப்பார். காலால் உதைப்பது குறைவு, கையால் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். அதில் ஓரத்தில் நிற்கும் ஒருவனுக்குக் கார்னர்பேக் என்று பெயர். பந்து பிடிக்க ஓடுகிறவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும்; இவனுக்குத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓட ஆரம்பிப்பான். நம் அரியேர்தான், நம் கார்னர்தான் என்று தோன்றியது. மாப்பிள்ளை இரண்டு தகவல் சொன்னார். ஒன்று, அந்த ஆட்டக்காரர்களின் தொழில் வாழ்க்கை சராசரியாக மூன்று வருஷத்துச் சொச்சம்தானாம். இரண்டு, பள்ளி முடிந்து மூன்று ஆண்டு ஆகாத எவனையும் தொழில்முறை அணி சேர்க்கக்கூடாது என்று விதி. அதனால் பெரும்பாலான பையன்கள் கல்லூரி வழியாகத்தான் வருகிறார்கள். பணத்தில் புரளும் அந்த ஊரிலேயே கல்லூரிதான் வாசல்.

நம் ஊரில் அப்படி விதி இல்லை. ஆனால் வாசல் அதேதான். இதை நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், என் மேஜைக்கு வந்த ஒரு கோப்பால்.

முப்பது வருஷம் இருக்கும். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டு ஒருவர் வந்தார். வயது இருபத்தாறு. கையில் கோணிப்பை. மேஜைமேல் கொட்டினார், அத்தனையும் கோப்பை, கேடயம். எல்லாம் கிராமத்துப் போட்டிகளில் வாங்கியது. விதியில் கேட்பது வேறு. நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் படிவம் 4. நான்கில் ஒன்றும் அவரிடம் இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவர். 'தகுதிச் சான்று இல்லை' என்று குறிப்பு எழுதியது இந்தக் கைதான். விதிப்படி சரிதான். அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக மறுபடி பைக்குள் வைத்தார். அந்தத் தகரச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்த விதியை அவருக்கு ஆறு வருஷம் முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அவர் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். 'சோறு போடுமா' என்று கேட்கும் நாமும் பையன்களுக்கு உதவவில்லை. விசில் அடித்து 'நீ சிங்கம்டா' என்கிறவர்களும் உதவவில்லை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் எடுக்கிறார்கள். போன வருஷம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த உயரத்துக்கு வராத நூற்றுக்கணக்கான பையன்களுக்குக் கோப்பை வழி காட்டாது, காகிதம்தான் காட்டும். கல்லூரியில் இருந்தால்தான் பல்கலைக்கழக அணி. பல்கலைக்கழக அணியில் ஆடினால்தான் படிவம் 3.

நம் ஊர்ப் போட்டிக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபிளெக்ஸுக்கும் சீரியல் விளக்குக்கும் செலவழிப்பதில் கொஞ்சம் ஒதுக்கி, நன்றாக ஆடும் நான்கு பையன்களை மாவட்டத் தேர்வுக்கு அனுப்புங்கள். அடிபட்டவனுக்கு மருத்துவச் செலவு கொடுங்கள். என் வயதுக்காரர்களே, நமக்கு ஓடத் தெரியாவிட்டாலும் விண்ணப்பம் நிரப்பத் தெரியும். பென்ஷன் வாங்கும் கை அதையாவது செய்யலாம்.

பையனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். கோணிப்பைக்காரர் கதையையும் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டான். "தாத்தா, காலேஜ் டீம்ல கார்னருக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க" என்றான்.

"காத்திருக்கத்தானே உனக்குத் தெரியும்" என்றேன்.

சிரித்தானே ஒழிய, பதில் சொல்லவில்லை. மதுராந்தகம் போனபோது சான்றிதழ் வைக்க ஒரு ஃபைல் வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் கட்ட இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறதாம். அவன் அப்பா தினமும் காலையில் என்னைப் பார்த்து, என்ன என்று கண்ணாலேயே கேட்கிறார்.