உயிர் என்ன, சாவி கொடுத்த பொம்மையா?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பேட்டரி போட்டால் "வள் வள்" என்று குரைக்கும் பொம்மை நாய். இன்னொரு பக்கம் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள், கூடை நிறைய!

"அப்பா, வாங்கிக் குடுப்பா!" என்று பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது. பொம்மை விலையைக் கேட்டதும் அப்பா முகம் சுளிக்கிறார். குஞ்சு மலிவு. "சரி, இதை வச்சுக்கோ" என்கிறார். இரண்டு நாளில் குஞ்சு காலி. பிள்ளை அழுகிறது. அடுத்த வாரம் இன்னொரு குஞ்சு!

பொம்மைப் பிராணி வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு நிஜப் பிராணி மேல் ஆசை வருமா, இல்லை அந்த ஆசை பொம்மையோடு தீர்ந்து போகுமா? வீட்டுக்கு வீடு இந்த வழக்கு உண்டு. "இன்னிக்குப் பொம்மை, நாளைக்கு நாய்க்குட்டி கேப்பான்" என்கிறார் அம்மா. "பொம்மையோட போகட்டும், நமக்குத் தொல்லை மிச்சம்" என்கிறார் அப்பா. இருவருமே அசல் விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

ஜப்பான் சங்கதி

1996-ல் ஜப்பானின் பண்டாய் கம்பெனி 'தமகோச்சி' என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் முட்டை, மூன்றே பொத்தான். பசித்தால் 'பீப்' என்று கூப்பிடும். சோறு போட வேண்டும், அசிங்கம் செய்தால் சுத்தம் பண்ண வேண்டும். கவனிக்காமல் விட்டால் செத்துப் போகும். பிள்ளைகள் வகுப்பிலும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, பல பள்ளிகள் தடை போட்டன.

1999-ல் சோனி கம்பெனி 'ஐபோ' என்ற எந்திர நாயை விற்றது. 2014-ல் அதைப் பழுது பார்க்கும் வேலையை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு சீபா மாநிலத்தில் இசுமி நகரப் புத்தர் கோயிலில் ஓடாத ஐபோக்களுக்கு இறுதிச் சடங்கே நடந்தது!

ஆக, பொம்மை பாசத்தைக் கொல்வதில்லை. பாசம் வைக்கிற மனசு பொம்மை மேலும் வைக்கும். ஆனால் தமகோச்சி செத்தால் பொத்தானை அமுக்கினால் போதும், புது முட்டை வந்துவிடும். கோளாறு அங்கேதான். பொம்மை ஆசையைக் காட்டும். பொறுப்பைச் சொல்லித் தராது.

மலிவின் ரகசியம்

சாயக் குஞ்சு ஏன் மலிவு? முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டை போடாது. பண்ணைக்கு அதனால் லாபமில்லை. அதைத்தான் சாயத்தில் முக்கிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். பிறந்த முதல் வாரம் அதற்கு ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கோழியின் இறக்கைச் சூடு அது. அட்டைப் பெட்டியில் போட்டு ராத்திரி வராந்தாவில் வைத்தால் எப்படிப் பிழைக்கும்?

காசு அளவில் வாங்கும் சிவப்புக் காது ஆமையும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 20, 30 வருஷம் வாழும். தொட்டி போதாமல் போனதும் குளத்திலோ ஏரியிலோ கொண்டு போய் விடுகிறார்கள். அங்கே நம்மூர் ஆமையின் இரைக்கும் இடத்துக்கும் போட்டி!

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை கதையே வேறு. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை விற்பதும் குற்றம், வாங்கி வளர்ப்பதும் குற்றம். "சந்தையில வித்தாங்க, வாங்கினேன்" என்ற சமாதானம் எடுபடாது.

யார் பொறுப்பு?

ஆகவே பெற்றோரே, பொம்மையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிள்ளை கேட்டால் பொம்மையை வாங்கிக் கொடுங்கள். உயிரை வாங்கும் முன் மட்டும் மூன்று கேள்வி கேளுங்கள். ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? வைத்தியத்துக்குக் காசு உண்டா? எத்தனை வருஷம் வாழும்? பதில் சொல்ல வேண்டியது பிள்ளை அல்ல, வீட்டுப் பெரியவர். பதில் இல்லையென்றால் பொம்மையே போதும்.

பிராணிக் கடைகள் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது. கூடை நடைபாதையில் இருக்கிறது. அதிகாரிகள் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் நடந்து பார்க்கட்டும்.

பொம்மை நின்றால் பேட்டரி மாற்றலாம். குஞ்சுக்கு எதை மாற்றுவது?