சோலார் தகட்டில் ஒண்டுக்குடித்தனம்

மணி நாலு ஆகலை, பிராண்டேயில் அதுக்குள்ள இருட்டிடுச்சு. டென்மார்க் டிசம்பர்ல ஏழு மணி நேர வெளிச்சம் கிடைச்சா பெரிசு. இங்கே உட்கார்ந்துகிட்டு சோலார் செல் பத்தி எழுதறது கொஞ்சம் ஓவர்தான் :-) ஆனா ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

காலேஜ் கடைசி வருஷம் குட்டி செயற்கைக்கோள் மாடல் ஒண்ணு செஞ்சோம். பேனல் ட்ரிபிள்ஈ பசங்க, ஆன்டெனா இசிஇ நாங்க. தனித்தனியா ரெண்டும் பிரமாதம். டெமோ அன்னிக்குக் காலையில ஒண்ணா மாட்டி மொட்டைமாடி வெயில்ல வெச்சோம். ஆன்டெனா நிழல் ஒரே ஒரு செல் மேல விழ, மொத்தப் பேனலும் படுத்துடுச்சு. செல்கள் சீரிஸில் இருந்தால் நிழலில் மாட்டிய செல் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் மற்றவைக்கும். "உன் ஆன்டெனா", "உன் பேனல்" என்று ஆரம்பித்த சண்டை. உயிர் நண்பன் ஒருத்தன் அப்புறம் பேசவேயில்லை.

இடம்தான் பிரச்னை. இங்கிருந்து வடக்கே ஆல்போர்க் பல்கலை மாணவர்கள் 2003 ஜூன் 30-ல் விண்ணுக்கு அனுப்பிய கியூப்சாட், பக்கத்துக்கு 10 செ.மீ., எடை சுமார் ஒரு கிலோ. அந்த உள்ளங்கை அகலத்தில் செல்லும் ஆன்டெனாவும் எப்படிக் குடியிருக்கும்?

வழி இருக்கு. செல்களுக்கு நடுவே விடுகிற இடைவெளியில் உலோகத் தளத்தைக் கீறினால், அந்தக் கீறலே ஆன்டெனா ஆகும். செல் மேலேயே மெல்லிய உலோக வலையை ஆன்டெனாவாக விரிக்கலாம். கம்பி தடித்தால் வெளிச்சம் போச்சு, மெலிந்தால் சிக்னல் போச்சு, நடுவில் ஓர் அளவு பிடிக்கணும். நாசா 2017 நவம்பரில் அனுப்பிய ஐசாரா இன்னொரு வழி: பேனலின் ஒரு முகத்தில் செல்கள், முதுகில் ரேடியோ அலையைக் குவித்துத் திருப்பும் செப்புத் துண்டுகள். விநாடிக்கு 9.6 கிலோபிட் என்ற பழைய வேகத்தை 100 மெகாபிட்டுக்கு மேல் கொண்டுபோவது இலக்கு.

மூணுமே கடைசி நாள் ஒட்டுவேலை இல்லை. முதல் கோடு போடும்போதே ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் முடியும். நம்ம ஊர் காலேஜ்களில் இந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு ரெண்டு டிபார்ட்மென்டிலிருந்தும் கைடு கட்டாயம் வேணும் என்பது என் கட்சி. அறிவு ரெண்டு பக்கமும் இருந்தது. நடுவுல ஒரு காரிடார்தான் தடுத்தது.

அந்த நண்பனுக்கு இன்னிக்கு ஒரு மெயில் போடணும். நிழல் என்னோடதுதான்.